பிட்ஸ்பர்க்கில் வழி கேட்டால் இல்லாத கடையைத்தான் சொல்கிறார்கள்

மூன்றாறு:
அமெரிக்காவின் பழைய எஃகு நகரமான பிட்ஸ்பர்க்கில் இருப்பவர்கள், இருந்துவிட்டுப் போனவர்கள் எல்லோருக்கும் வணக்கம். இந்த ஊர்க்காரர்களிடம் வழி கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்கும். "ஐசலிஸ் இருந்த முக்கில் இடது பக்கம் திரும்பு" என்பார்கள். அந்த ஐஸ்கிரீம் கடை போய்ப் பல வருடம் ஆகிறது. வயதானவர்கள் சொன்னால் சரி, கடையைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளும் அப்படியேதான் சொல்கிறார்கள்.

1950ல் இந்த நகரத்தில் 6,76,806 பேர். 2020 கணக்கெடுப்பில் 3,02,971. பாதிக்கு மேல் ஆள் குறைந்த ஊரில் கட்டடங்களும் போகத்தான் செய்யும். ஆனால் எது போனது, எதை விட்டு வைத்தார்கள், அதை யார் முடிவு செய்தார்கள் என்று பார்த்தால் கதை சுவாரசியமாகிறது. உங்களுக்குத் தெரிந்த இடங்களைப் பற்றி எழுதுங்கள். வெறும் படம் போட்டுவிட்டு ஓடாதீர்கள், முன்பு அங்கே என்ன இருந்தது என்பதும் வேண்டும்.

பழைய மோன்:
நல்ல இழை. நான் 1974ல் இங்கே வந்தவன். கிழக்குப் புறநகரில் மின்சாதனக் கம்பெனி ஒன்றில் வேலை. அப்போது மோனோங்காஹேலா ஆற்றை ஒட்டிக் காரில் போனால் ஆறே கண்ணில் படாது. ஆலைச் சுவர், தண்டவாளம், மறுபடி ஆலைச் சுவர், அவ்வளவுதான். ஜோன்ஸ் அண்ட் லாக்லின் எஃகு ஆலை (எல்லோரும் ஜே அண்ட் எல் என்போம்) ஆற்றின் இரண்டு கரையிலும் உட்கார்ந்திருந்தது. வடகரையில் எலைஸா ஊது உலைகள், தென்கரையில் எஃகாக்கும் உலைகள். நடுவில் ஒரு பாலம். இந்தப் பக்கம் உருக்கிய இரும்புக் குழம்பை வாளி வண்டிகளில் ஏற்றி, சூடு ஆறிவிடாமல் ரயிலில் அந்தப் பக்கம் கொண்டு போவார்கள். அதனால்தான் அதற்கு ஹாட் மெட்டல் பாலம் என்று பெயர். இரவில் ஊருக்குத் திரும்பும்போது வானம் செக்கச்செவேல் என்று இருக்கும். புதிதாக வருபவர்கள் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்றே நினைப்பார்கள்.

எலைஸா 1979ல் அணைந்தது, 1983ல் இடித்தார்கள். வேலை போனவர்கள் வீட்டை விற்கவும் முடியாமல் டெக்சாஸ் பக்கம் கிளம்பினார்கள். வாங்க ஆள் இருந்தால்தானே விற்க!

சைக்கிள்காரன்:
ஐயா, அந்தப் பாலத்தின் மேல்தான் நான் தினமும் சைக்கிளில் போகிறேன். 2000ல் கார்களுக்கும் 2007ல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் திறந்தார்கள். வாஷிங்டன் வரை போகும் கிரேட் அலிகெனி சைக்கிள் பாதையும் இதன் வழியாகத்தான். எலைஸா இருந்த இடத்தில் இப்போது பிட்ஸ்பர்க் டெக்னாலஜி சென்டர், கண்ணாடிக் கட்டடங்கள். தென்கரையில் கடைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும். அந்த வளாகத்தின் பெயர் சவுத்சைடு வொர்க்ஸ். ஆலை போய்விட்டது, பெயரை மட்டும் விற்பனைக்கு வைத்துக்கொண்டார்கள்.

கொஞ்சம் தள்ளி ஹேசல்வுட்டில் ஜே அண்ட் எல்லின் கோக் ஆலை (நிலக்கரியைச் சுட்டு உலைக்கு எரிபொருள் செய்யும் இடம்) இருந்தது. பிறகு எல்டிவி என்ற எஃகுக் கம்பெனியின் கைக்குப் போய் 1998ல் மூடியது. 178 ஏக்கர். அங்கே மில் 19 என்ற பழைய ஆலைக் கொட்டகையின் சுவரையும் கூரையையும் பிரித்துவிட்டு, எலும்புக்கூட்டை மட்டும் நிற்க வைத்து, உள்ளே புதுக் கட்டடத்தைச் செருகியிருக்கிறார்கள். 2019லிருந்து கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உற்பத்தி ஆராய்ச்சி, ரோபோ ஆராய்ச்சி எல்லாம் அங்கே நடக்கின்றன. மேலே கூரை இருந்த இடம் முழுக்க சோலார் பலகைகள். எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் அதுதான். பழையதை மறைக்கவும் இல்லை, பழையது போல வேஷம் போடவும் இல்லை.

படிக்கட்டு:
மில் 19 அழகுதான், மறுக்கவில்லை. ஹேசல்வுட்டின் தெருக்களிலும் நடந்து பாருங்கள். ஆலை இருந்த காலத்தில் அங்கே இருந்த கடைத்தெருவில் இன்று பாதி மனை காலி. ரோபோ செய்பவர்கள் எதிர்வீட்டில் குடியிருப்பதில்லை, காரில் வந்து காரில் போகிறார்கள்.

ஹோம்ஸ்டெட்டைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லையே. அது நகர எல்லைக்குள் இல்லை, ஆற்றில் கொஞ்சம் மேலே இருக்கும் தனி ஊர். ஆனால் இந்தப் பேச்சில் அதை விட முடியாது. 1892ல் கூலிக் குறைப்பை ஏற்காத எஃகு ஆலைத் தொழிலாளிகளை நிர்வாகி ஹென்றி ஃப்ரிக் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார். முதலாளி கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில். ஜூலை 6 விடியற்காலையில் பிங்கர்ட்டன் கூலிப்படையினர் 300 பேரைப் படகுகளில் ஏற்றி ஆற்று வழியாகக் கொண்டுவந்தார்கள். ஊரே கரையில் திரண்டுவிட்டது, பெண்கள் பிள்ளைகள் உட்பட. இரண்டு பக்கமும் உயிர் போயிற்று. கூலிப்படை சரணடைந்தது. ஆனால் பிறகு மாநிலப் படை வந்து இறங்கி, சங்கம் நொறுங்கி, அந்த ஆலையில் மறுபடி சங்கம் தலைதூக்க 40 வருடத்துக்கு மேல் ஆனது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு எஃகு போனது இந்த ஆலையிலிருந்துதான். 1986ல் மூடினார்கள்.

இப்போது அங்கே என்ன? தி வாட்டர்ஃப்ரன்ட் என்ற பெரிய ஷாப்பிங் வளாகம். சினிமா தியேட்டர், ஹோட்டல், கார் நிறுத்துமிடம். பக்கத்தில் ஆலையின் 12 செங்கல் புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. படம் எடுத்துக்கொள்ள நல்ல இடம். சண்டை நடந்த இடத்தில் பம்ப் ஹவுஸ் என்ற சின்னக் கட்டடம் தப்பியிருக்கிறது. கடைக்கு வரும் நூறு பேரில் ஒருவராவது அதை எட்டிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். புகைபோக்கியை வைத்துக்கொண்டு வேலைநிறுத்தத்தை ஓரத்தில் தள்ளுவதற்குப் பெயர் பாதுகாப்பா?

மூன்றாறு:
படிக்கட்டு, நியாயமான கேள்வி. ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேரி உலைகளைப் பாருங்கள். ஹோம்ஸ்டெட்டுக்கு இரும்பு போனது அங்கிருந்துதான். 1907ல் கட்டிய 6, 7 எண் உலைகள் இரண்டும் இன்னும் நிற்கின்றன, 92 அடி உயரம். மற்றவற்றை எல்லாம் இரும்பு விலைக்கு எடைபோட்டு விற்றுவிட்டார்கள். 2006ல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். ரிவர்ஸ் ஆஃப் ஸ்டீல் என்ற அமைப்பு உள்ளே அழைத்துப் போய்க் காட்டுகிறது. ஆலை கைவிடப்பட்டுக் கிடந்த 1990களில் சில கலைஞர்கள் அனுமதி இல்லாமல் உள்ளே புகுந்து, அங்கே கிடந்த குழாய், கம்பி, ரப்பர் ஆகியவற்றைக் கொண்டே ஒரு மான் தலை செய்து வைத்தார்கள். பெரியது, 40 அடி. இன்றைக்கு உலையைப் பார்க்க வருகிறவர்கள் மானையும் தேடுகிறார்கள்.

அந்த இடத்தில் நின்றால் அளவு என்றால் என்ன என்று புரிகிறது. எந்த அருங்காட்சியகப் பலகையும் அதைச் சொல்லித்தராது.

சென்டர் அவென்யூ:
எல்லோரும் ஆற்றோரமே நிற்கிறீர்கள். மேட்டுக்கும் வாருங்கள். நான் நகரத் திட்டமிடல் படிக்கிறேன். இரண்டு வருடமாக ஹில் பகுதியில் குடியிருக்கிறேன்.

டவுன்டவுனை ஒட்டிய கீழ் ஹில், ஒரு காலத்தில் கறுப்பின மக்கள், யூதர்கள், இத்தாலியர்கள், சிரியர்கள் எல்லோரும் கலந்து வாழ்ந்த இடம். வைலி அவென்யூவில் ஜாஸ் கிளப்புகள் இரவு முழுக்க நடக்கும். கிராஃபோர்ட் கிரில்லில் வாசிக்காத பெரிய கலைஞர் குறைவு. கறுப்பர்களின் பத்திரிகையான பிட்ஸ்பர்க் கூரியருக்காக டீனி ஹாரிஸ் எடுத்த பல்லாயிரம் படங்களில் அந்தத் தெருக்கள் அப்படியே இருக்கின்றன. படத்தில் மட்டும்.

1956ல் இடிக்கத் தொடங்கினார்கள். 95 ஏக்கர், ஏறக்குறைய 8,000 பேர், 400க்கு மேல் கடைகளும் தொழில்களும். "சேரி ஒழிப்பு" என்றார்கள். மேயர் லாரன்ஸும் வங்கிக் குடும்பத்து ரிச்சர்ட் கிங் மெலனும் கைகோத்து நடத்திய நகர மறுமலர்ச்சியின் ஒரு பகுதி அது. அந்த மறுமலர்ச்சிதான் ஊரின் புகையை ஒழித்தது, ஆறுகள் கூடும் முனையைப் பூங்காவாக்கியது, எல்லாம் சரி. அதே கைதான் இதையும் செய்தது. வீடுகள் இருந்த இடத்தில் 1961ல் சிவிக் அரீனா என்ற அரங்கம் வந்தது. பக்கத்தில் கார் நிறுத்த ஏக்கர் கணக்கில் தார் போட்ட வெட்டவெளி. அதற்கப்புறம் டவுன்டவுனுக்கும் ஹில்லுக்கும் நடுவில் ஒரு நெடுஞ்சாலையும் பள்ளமாக ஓடியது.

மேலும் இடிக்கக் கிளம்பியபோது 1960களில் மக்கள் கிராஃபோர்ட் தெரு முனையில் பெரிய பலகை வைத்தார்கள், இதைத் தாண்டி வராதே என்று. அந்த முனைக்கு இன்று ஃப்ரீடம் கார்னர் என்று பெயர். இடிப்பு அங்கேயே நின்றது. என்னைக் கேட்டால் பிட்ஸ்பர்க்கின் முதல் அடையாளச் சின்னம் உலையும் இல்லை, பாலமும் இல்லை, இந்த முக்குதான்.

பழைய மோன்:
சென்டர் அவென்யூ, நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையையும் மறுக்கவில்லை. ஆனால் அரீனாவையும் நான் பார்த்திருக்கிறேன். 415 அடி விட்டத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கூரை, எட்டுத் துண்டுகள். ஆறு துண்டுகள் நகர்ந்து மற்ற இரண்டின் கீழே ஒளிந்துகொள்ளும். முதலில் இசை நாடகங்களுக்காகக் கட்டியது, பிறகு பெங்குவின்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் வீடானது. கோடை இரவில் கூரை திறந்ததும் கூட்டம் மேடையை மறந்துவிட்டு வானத்தைப் பார்க்கும். உலகத்தில் அந்த அளவில் அப்படி ஒன்று அதற்கு முன்னால் கிடையாது. 2011, 2012ல் அதையும் இடித்தார்கள். காப்பாற்றச் சிலர் போராடினார்கள், நடக்கவில்லை. இரண்டு தடவை ஒரே இடத்தை இடித்ததில் யாருக்கு என்ன லாபம்?

சென்டர் அவென்யூ:
காப்பாற்ற வந்தவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்தவர்கள், சார். ஹில்காரர்களில் பலருக்கு அந்தக் கூரை அழகாகத் தெரியவில்லை, தாத்தா வீட்டின் மேல் கவிழ்த்த மூடியாகத் தெரிந்தது. உங்கள் வருத்தமும் உண்மை, அவர்கள் நிம்மதியும் உண்மை. பிரச்சினை அதற்குப் பிறகுதான். இடித்தால் தெருக்கள் திரும்ப வரும், வீடுகள் வரும் என்றார்கள். பல வருடம் கார் நிறுத்துமிடமாகவே கிடந்தது. 2021ல் நெடுஞ்சாலைப் பள்ளத்தின் மேல் மூடி போட்டு ஃபிராங்கி பேஸ் பூங்கா கட்டினார்கள், அது நல்லது. அப்புறம் ஒரு வங்கிக் கோபுரம் எழுந்தது. வீடுகள்? காத்திருக்கிறார்கள்.

ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். நாடக ஆசிரியர் ஆகஸ்ட் வில்சன் பிறந்த பெட்ஃபோர்ட் அவென்யூ வீடு இடிந்து விழும் நிலையில் இருந்தது. அதைச் சரிசெய்து 2022ல் கலை மையமாகத் திறந்தார்கள். பின்கட்டில் இரண்டு அறையில் மொத்தக் குடும்பமும் இருந்த வீடு அது.

சைக்கிள்காரன்:
சூடு கொஞ்சம் குறையட்டும். இங்குள்ள ஓக்லாந்து பகுதியில் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு சுவரைப் பார்த்திருக்கிறீர்களா? 1909லிருந்து 1970 வரை பேஸ்பால் மைதானம். இன்று அந்த இடத்தில் பல்கலைக்கழகம். வெளிச்சுவரில் ஒரு துண்டு மட்டும் கொடி படர்ந்து நிற்கிறது. பந்தடிக்கும் ஹோம் பிளேட்டை போஸ்வார் ஹால் கட்டடத்தின் தரையில் கண்ணாடி போட்டுப் பதித்திருக்கிறார்கள், மாணவர்கள் அதன் மேலேயே நடந்து வகுப்புக்குப் போகிறார்கள். 1960 அக்டோபர் 13ல் மாஸரோஸ்கி கடைசி இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன்னில் ஊர் அணியான பைரேட்ஸ் உலகத் தொடரை ஜெயித்தது. ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் ரசிகர்கள் சுவரடியில் கூடி அன்றைய வானொலி வர்ணனையை முழுக்கப் போட்டுக் கேட்கிறார்கள். முடிவு தெரிந்த ஆட்டம். ஆனாலும் கைதட்டுகிறார்கள்.

அதற்குப் பிறகு வந்த த்ரீ ரிவர்ஸ் ஸ்டேடியத்தை 2001ல் வெடி வைத்துத் தகர்த்தபோது யாரும் சுவர்த் துண்டு கேட்டு அழவில்லை. கான்கிரீட் வட்டம், அவ்வளவுதான்.

துருப்பிடித்தவன்:
இத்தனை பேர் பேசியும் யூஎஸ் ஸ்டீல் கோபுரத்தைத் தொடவில்லையே. 64 மாடி, 841 அடி, 1970ல் கட்டி முடித்தது. ஊரில் இன்றும் அதுதான் உயரம். கோர்டென் என்ற எஃகில் கட்டியது. மேலே படியும் துருவே உள்ளே இருக்கும் எஃகுக்குக் கவசமாகிவிடும், பெயின்ட் வேண்டாம். ஆரம்ப வருடங்களில் மழைக்குத் துரு வழிந்து சுற்றியிருந்த நடைபாதையெல்லாம் பழுப்பாகிப் போனது. வெளியே தெரியும் தூண்களுக்குள் திரவம் நிரப்பியிருக்கிறார்கள், தீ விபத்து வந்தால் எஃகு சூடேறி இளகாமல் இருக்க. 2008ல் உச்சியில் யூபிஎம்சி என்று மருத்துவமனை நிறுவனத்தின் பெயர் ஏறியது. எஃகு ஊர் எப்படி ஆஸ்பத்திரி ஊர் ஆனது என்று யாராவது கேட்டால் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இதே வகை எஃகில்தான் ஃபெர்ன் ஹாலோ பாலமும் கட்டியிருந்தார்கள். 2022 ஜனவரி 28 விடியற்காலையில் அது ஒரு பஸ்ஸோடும் கார்களோடும் ஃப்ரிக் பூங்காப் பள்ளத்தில் விழுந்தது. நல்லவேளை, சாவு இல்லை. அப்போதைய அதிபர் பைடன் உள்கட்டமைப்பைப் பற்றிப் பேச அன்றைக்குத்தான் ஊருக்கு வருகிறார்! காரணத்தைப் பாருங்கள்: துரு கவசமாக வேண்டுமானால் எஃகு நனைந்து காய வேண்டும். வடிகால் அடைத்துத் தண்ணீரும் குப்பையும் உப்பும் கால்களின் அடியில் தேங்கியே கிடந்தால் துரு நிற்காமல் தின்றுகொண்டே போகும். ஆய்வு அறிக்கைகள் வருடக்கணக்காக இதைச் சொல்லியும் யாரும் சுத்தம் செய்யவில்லை. பாலங்களின் நகரம் என்று பெருமை பேசுகிறோம், 446 பாலம் என்று டி-ஷர்ட் போட்டுக்கொள்கிறோம். இருப்பதைப் பெருக்கித் துடைக்க ஆள் இல்லை. புதுப் பாலம் அதே டிசம்பரில் வந்துவிட்டது. அவசரம் என்றால் முடிகிறது!

பழைய மோன்:
பெருக்கித் துடைப்பது என்றதும் கரி நினைவுக்கு வருகிறது. 1940களில் நடுப்பகலிலேயே தெருவிளக்கு எரிந்த ஊர் இது. புகைக்கட்டுப்பாட்டுச் சட்டம் 1941லேயே வந்தாலும் போரைக் காரணம் காட்டித் தள்ளி, 1946ல் ஆலைகளுக்கும் மறு வருடம் வீடுகளுக்கும் அமலாக்கினார்கள். நான் வந்தபோது காற்று தெளிந்திருந்தது, கட்டடங்கள் கறுப்பாகவே நின்றன. பல்கலைக்கழகக் கோபுரமான கதீட்ரல் ஆஃப் லேர்னிங் 42 மாடி. 2007ல்தான் அதைக் கழுவினார்கள். அது வரை அதன் நிறமே கறுப்பு என்று நம்பியவர்கள் உண்டு. கரியும் வரலாறுதான், கழுவக் கூடாது என்று வாதாடியவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் வெள்ளைச் சட்டையை மத்தியானம் ஒரு தடவை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் இல்லை!

இழுவை ரயிலைப் பற்றியும் ஒரு வரி. பழனி விஞ்ச் போலவேதான், இந்த ஊரிலேயே உள்ள வாஷிங்டன் மலையில் ஏறும். ஒரு காலத்தில் 17க்கு மேல் இருந்தன, இப்போது இரண்டுதான்: 1870ல் வந்த மோனோங்காஹேலா, 1877ல் வந்த டுக்கேன். டுக்கேன் 1962ல் நின்றுபோனது. மேட்டுக் குடியிருப்புக்காரர்களே பணம் திரட்டி மறு வருடம் ஓட்டினார்கள்.

புதுசா வந்தவன்:
நடுவில் புகுந்து கேட்கிறேன். பென் ஹில்ஸ் பெருமாள் கோவில் இந்தக் கணக்கில் வராதா? ஊரில் எங்கள் பாட்டிக்குப் பிட்ஸ்பர்க் என்றாலே அதுதான்.

பழைய மோன்:
வராமல் என்ன. 1970களின் நடுவில் எழுந்தது, அமெரிக்காவின் மிகப் பழைய கோவில்களில் ஒன்று. திருப்பதி தேவஸ்தானம் உதவியது. ஒஹையோ, நியூயார்க் பக்கமிருந்தெல்லாம் ராத்திரி முழுக்கக் காரோட்டி வருவார்கள். ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த அதே வருடங்களில் அங்கே கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் வேலை ஆராய்ச்சிக்கூடம், மருத்துவமனை, பல்கலைக்கழகம் என்று இருந்ததால் அடி எங்கள் மேல் அவ்வளவாக விழவில்லை. பக்கத்துத் தெருக்காரர் மேல் விழுந்தது. அதையும் எழுதித்தான் வைக்க வேண்டும்.

படிக்கட்டு:
ஐயா சொன்னதற்கு நன்றி. இன்னொன்று. இந்த இழையில் எல்லோரும் எஃகை இறந்த காலத்தில் எழுதுகிறோம். பக்கத்து ஊரான பிராடக்கில் 1875ல் கார்னகி தொடங்கிய எட்கர் தாம்சன் ஆலை இன்றும் ஓடுகிறது. கிளேர்ட்டனில் கோக் ஆலை ஓடுகிறது. 2025 ஆகஸ்டில் அங்கே வெடித்து இரண்டு தொழிலாளிகள் செத்தார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் யூஎஸ் ஸ்டீலை ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் வாங்கியிருந்தது. அங்கே இருப்பவர்களிடம் போய்க் "கரி வரலாறு" என்று சொல்லிப் பாருங்கள், வீட்டுக்குள் நெபுலைசர் வைத்திருக்கும் தாய்மார்கள் பதில் சொல்வார்கள்.

துருப்பிடித்தவன்:
இதற்கு மேல் வாதாட ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும்: கசடு மலைகளை, அதாவது இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கழிவைக் கொட்டிய மேடுகளை, யாரும் சொல்லவில்லை. வெஸ்ட் மிஃப்லினில் கசடு கொட்டும் இடத்தில் ராத்திரி கார்களை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு வேடிக்கை பார்ப்பார்களாம், மலைச்சரிவில் நெருப்பு ஓடுவதை. அந்தக் கசட்டு மேட்டின் மேலேயே 1979ல் செஞ்சுரி த்ரீ மால் கட்டினார்கள். 2020ல் கடைசிக் கதவும் மூடியது, இப்போது அதையும் இடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆலையின் குப்பை, அதன் மேல் கட்டிய மால் கட்டடத்தை விட அதிக நாள் தாக்குப்பிடித்திருக்கிறது.

புதுசா வந்தவன்:
கேரி உலைகளைப் பார்க்க எப்போது போகலாம்?

மூன்றாறு:
குளிர்காலத்தில் உள்ளே விடுவதில்லை. வெயில் வந்த பிறகு வார இறுதிகளில் சுற்றிக் காட்டுகிறார்கள், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். செருப்போடு போகாதீர்கள், மூடிய ஷூ கட்டாயம். அப்படியே ஆற்றைத் தாண்டிப் பம்ப் ஹவுஸுக்கும் போய்வாருங்கள், படிக்கட்டு சந்தோஷப்படுவார். வழி தெரியாவிட்டால் இங்கேயே கேளுங்கள், இருக்கிற கடையை வைத்துச் சொல்ல முயற்சி செய்கிறேன்.